பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

கொல்லிமலை அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் நான் வளர்ந்த காலத்தில், ஒரு பிள்ளைக்கு மனசு சரியில்லை என்று தெரிந்தால் முடிவெடுக்க ஊரே கூடிவிடும். பெரியப்பா ஒரு வழி சொல்வார், பாட்டி இன்னொரு வழி சொல்வார். உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி, வேப்பிலையால் மந்திரிக்கும் பூசாரி, ஊசி போடும் கம்பவுண்டர், மோர் வாங்க வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்ட பக்கத்து வீட்டு அத்தை என எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. சிகிச்சை முடிவுகளைப் பகிர்ந்து எடுக்க வேண்டும் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. எங்கள் ஊரில் அன்றும் முடிவைப் பகிர்ந்துதான் எடுத்தார்கள். யாரைப் பற்றிய முடிவோ அந்தப் பிள்ளையை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஐம்பது வருடத்தில் இதில் எவ்வளவு மாறியிருக்கிறது, எது மாறாமலே இருக்கிறது என்பதை, நான் பக்கத்திலிருந்து பார்த்த இரண்டு பிள்ளைகளை வைத்து எழுதுகிறேன்.

முதல் பிள்ளை என் வகுப்புத் தோழி. எழுபதுகளின் நடுவில், எங்களுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும்போது, அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சோற்றை வாயில் வைத்தாலே ஓங்கரிப்பாள். கஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பேச்சும் குறைந்து, பள்ளிக்கு வருவதும் நின்றது. அதற்குச் சில மாதம் முன்னால்தான் அவள் அம்மா பிரசவத்தில் இறந்திருந்தார். ‘செத்தவ மனசு ஆறலை, புள்ள மேல வந்து நிக்கறா’ என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். கோடாங்கியும் அதையே சொன்னார். மூன்று அமாவாசைக்கு மந்திரித்தார்கள். கையில் கறுப்புக் கயிறு ஏறியது. கம்பவுண்டர் ரத்தம் இல்லை என்று டானிக்கும் சத்து ஊசியும் கொடுத்தார். பேளுக்குறிச்சிச் சந்தையில் ஆடுகளை விற்று வந்த பணத்தில் குணசீலம் கூட்டிப்போனார்கள். காவிரிக் கரையில் இருக்கும் அந்தப் பெருமாள் கோயிலில் மனநோயாளிகள் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கித் தீர்த்தம் தெளித்துக்கொள்வது நெடுங்கால வழக்கம். அங்கே அவளை யாரும் அடிக்கவில்லை, அதட்டவில்லை. திரும்பி வந்தபோது கொஞ்சம் தேறியிருந்தாள். ஆனால் முழுதாகச் சரியாகவில்லை. கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் அடுத்த முடிவை எடுத்தார்கள். அவள் பள்ளிக்கூடம் திரும்பவேயில்லை.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், அவளே என்னிடம் அதைப் பேசினாள். அம்மா சாவதற்கு முன் கடைசியாகக் கஞ்சி ஊட்டியது அவள்தானாம். இரண்டு வாய் உள்ளே போனது, மூன்றாவது வாய் வழிந்துவிட்டது. சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. “நான் ஊத்துன கஞ்சி தொண்டையில சிக்கித்தான் அம்மா செத்துச்சுன்னு நெனச்சேன் புள்ள. கஞ்சியப் பார்த்தாலே அந்த மொகம்தான் வரும். எப்படிங்க எறங்கும்?” என்றாள். பிரசவத்தில் ரத்தம் போய் இறந்தவருக்குக் கஞ்சியால் எதுவும் ஆகியிருக்காது என்பதை அவள் தெரிந்துகொண்டது, அவளுக்கே குழந்தைகள் பிறந்த பிறகு, ஒரு நர்ஸ் வேறு ஏதோ பேச்சில் சொன்னபோது. அதுவரை அந்தப் பழியை அவளே சுமந்திருக்கிறாள். “யாராச்சும் ஒருத்தரு ஏன் கண்ணு சாப்படமாட்டேங்கறேன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சாப்புடு சாப்புடுன்னாங்களே தவிர, ஏன்னு கேக்கலை.”

அவள் வீட்டார் கல்நெஞ்சர்கள் அல்லர். வீட்டில் இருந்த ஆட்டையெல்லாம் விற்று அவளுக்காகச் செலவு செய்தவர்கள். அவள் தூங்குவதற்காக ராத்திரி முழுக்க விழித்திருந்த அப்பாரை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் பிள்ளைக்கு வேலையில்லை என்பதுதான் அவர்கள் அறிந்த ஒழுங்கு. பிள்ளைக்கு நோய் வரும், அதைத் தீர்ப்பது பெரியவர் பொறுப்பு. பிள்ளையிடமே விடையில் பாதி இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அன்பு குறைந்ததால் வந்த கேடு அல்ல இது. அதனால்தான் அன்பு மட்டும் இதைச் சரிசெய்யவும் முடியாது. வழக்கமே மாற வேண்டியிருந்தது.

மருத்துவம் அப்போது தூரத்தில் இருந்தது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-லிருந்து தொடங்குகிறது. ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பேர் வசைச்சொல்லாகத்தான் புழங்கியது. அன்று நடப்பிலிருந்த சட்டம் 1912-ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியக்காரச் சட்டம். நோயாளியை அடைத்துவைப்பதற்கான நடைமுறைகளே அதில் பெரும்பகுதி. 1987-ல் வந்த மனநலச் சட்டம் 1993-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதிலும் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரைச் சேர்க்கப் பாதுகாவலர் கேட்டு, பொறுப்பு மருத்துவர் ஏற்றால் போதும். 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது பெரும்பாலும் குடும்பத்தார் எடுத்த முடிவு. என்ன செய்வதென்று தெரியாமல், வேறு வழி யாரும் காட்டாமல் எடுத்த முடிவு. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த எங்கள் தெருவில், தம் வீட்டுப் பிள்ளையை அப்படி ஓர் இடத்துக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள் உடைந்து அழுததை நான் அறிவேன்.

இப்போது சட்டம் வேறு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 87-ஆம் பிரிவு முழுக்கவும் பதினெட்டு வயது நிறையாதவர்களைப் பற்றியது. ஆசிரியையாக இருந்த பழக்கத்தில் அதை வரிவரியாகப் படித்தேன். பிள்ளையை உள்நோயாளியாகச் சேர்ப்பது விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே. மனநல மருத்துவரை உள்ளடக்கிய இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்து, சேர்த்தே ஆக வேண்டும் என்று ஒருமித்த முடிவுக்கு வர வேண்டும். வெளியிலிருந்தே பார்க்கும் வழிகள் பலிக்கவில்லை அல்லது பொருந்தாது என்று தெரிய வேண்டும். பெரியவர்களின் வார்டில் பிள்ளையை வைக்கக் கூடாது. பாதுகாவலரோ அவர் அமர்த்தும் துணையோ எப்போதும் கூடவே இருக்க வேண்டும்; பெண் பிள்ளைக்குத் துணையும் பெண்ணாக இருக்க வேண்டும். சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். வாரியத்தார் நேரில் வந்து அந்தப் பிள்ளையிடமே பேசலாம். பிள்ளைகளுக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை கூடாது என்றும், மருத்துவர் தேவை என்று கருதினால் பாதுகாவலரின் ஒப்புதலோடு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும் என்றும் 95-ஆம் பிரிவு சொல்கிறது.

இவ்வளவு காவலையும் படித்தபோது என் தோழியை நினைத்து மனம் நிறைந்தது. ஆனால் ஒப்புதல் கையெழுத்து இன்றும் பாதுகாவலருடையதுதான். பதினேழரை வயதுப் பிள்ளையானாலும் அதுவே விதி. பிள்ளையின் விருப்பத்தை, ‘அறிய முடிந்தால்’, கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது சட்டம். கேட்டால்தானே அறிய முடியும்? நோயாளிக்காகப் பேசுகிறவர், நோயாளி எந்த அளவுக்கு விஷயத்தைப் புரிந்துகொள்கிறாரோ அந்த அளவுக்கு நோயாளியின் சொல்லுக்குத் தனி மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று 17-ஆம் பிரிவிலும் இருக்கிறது. பிள்ளைகள் தங்களைப் பாதிக்கும் எதிலும் கருத்துச் சொல்லலாம், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு எடை தர வேண்டும் என்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992 டிசம்பரில் இந்தியா ஏற்றுக்கொண்டது. ஆக, பிள்ளைக்கு ஒரு நாற்காலி போட்டாகிவிட்டது. அதில் உட்காரச் சொல்ல வேண்டியது மருத்துவரும் பெற்றவர்களும்தான்.

அப்படி உட்காரச் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன். அதுதான் இரண்டாவது பிள்ளையின் கதை. அவன் என் அக்காவின் பேரன், எனக்கும் பேரன். என்னைச் சின்னம்மாயி என்று கூப்பிடுவான். பதினோராம் வகுப்புக்காக வீட்டை விட்டு ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ந்தவன். தமிழ்நாட்டில் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை 2017-லேயே அரசு நிறுத்திவிட்டாலும், மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை விடுதியில் விடுகிற பழக்கம் நாமக்கல் பக்கம் குறையவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு விடுமுறைக்கு வந்தவனின் விரல்கள் வெடித்துப் புண்ணாகியிருந்தன. திரும்பத் திரும்பக் கை கழுவுகிறான். தட்டைக் கழுவியதையே கழுவுகிறான். விளக்கணைத்த பிறகும் எழுந்து போய்க் குழாயடியில் நிற்கிறான். எண்ணச் சுழற்சி நோய் என்று மருத்துவர் சொன்னார். பிள்ளைகள் ஓசிடி என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

மருத்துவரின் அறையில் நான்கு நாற்காலிகள். மருத்துவர் பையனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, எங்கள் எல்லோர் முன்னிலும் முதலில் ஒன்றைச் சொன்னார்: “தம்பி, கொஞ்ச நேரம் நாம ரெண்டு பேரும் தனியாப் பேசப்போறோம். நீ சொல்றதை உன் சம்மதம் இல்லாம வீட்டுல சொல்லமாட்டேன். உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்லித்தான் ஆகணும். அப்பவும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.” அவன் அப்பாவுக்கு முகம் சுருங்கியது. பிறகு நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

திரும்ப அழைத்தபோது மருத்துவர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: முதலில் எது சரியாக வேண்டும்? “பழையபடி மார்க் வரணுங்க” என்றார் அப்பா. “ராத்திரியில தூங்கோணுங்க, புள்ள பாதியா எளச்சுப்போயிட்டான்” என்றாள் அம்மா. அவன் தலையைக் குனிந்துகொண்டு, “மெஸ்ஸுல எல்லார்கூடவும் உக்காந்து சாப்படணும். தட்டு கழுவறதைப் பார்த்துச் சிரிக்கறாங்க” என்றான். மூன்றையும் மருத்துவர் ஒரு தாளில் எழுதினார். அவன் சொன்னதை முதல் வரியில் எழுதினார். அவன் தனியாகச் சாப்பிடுகிறான் என்பதே பெற்றவர்களுக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு வழிகளைப் பிரித்துச் சொன்னார். ஒன்று பயிற்சி: அழுக்கு என்று தோன்றுவதைத் தொட்டுவிட்டுக் கழுவாமல், பதற்றம் தானாக அடங்கும்வரை இருந்து பழகுவது. கிணற்றில் நீச்சல் பழகுகிறவன் முதலில் படியில் நின்று, பிறகு இடுப்பளவுத் தண்ணீருக்கு இறங்குவதுபோல, சின்ன பயத்திலிருந்து பெரிய பயத்துக்குப் போக வேண்டும் என்றார். இன்னொன்று செர்ட்ரலின் மாத்திரை. மூன்றாவது, இரண்டும் சேர்த்து. இந்த நோய்க்கு அமெரிக்காவில் 7 முதல் 17 வயதுக்குட்பட்ட 112 பேரிடம் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வை நான் பிறகு தேடிப் படித்தேன். 12 வாரத்தில் நோய் ஏறக்குறைய விலகியவர்கள், இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 53.6%. பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 39.3%. மாத்திரை மட்டும் என்றால் 21.4%. வெற்று மாத்திரைக்கு 3.6%. எதுவும் எல்லோருக்கும் பலிப்பதில்லை. அதனால்தான் இந்தப் பிள்ளையால் எதைத் தொடர்ந்து செய்ய முடியும் என்ற கேள்விக்கு இவ்வளவு எடை.

மாத்திரையின் தொல்லைகளையும் மருத்துவர் மறைக்கவில்லை. முதல் வாரங்களில் வயிறு கலங்கலாம், தூக்கம் மாறலாம். இந்த வகை மாத்திரைகள் சில இளையவர்களுக்குத் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று 2004-லிருந்து அமெரிக்காவில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். ஆகவே தொடக்கத்தில் பக்கத்தில் இருந்து கவனிக்க ஆள் வேண்டும். விடுதியில் யார் கவனிப்பது? இந்தக் கேள்வியில்தான் சிகிச்சைப் பேச்சு பள்ளிப் பேச்சாக மாறியது. விடுதிப் பணம் கட்டியாயிற்று, பிளஸ் டூ வருகிறது என்றார் அப்பா. ஹாஸ்டலில் மாத்திரை சாப்பிட்டால் எல்லாரும் பார்ப்பார்கள் என்றான் பையன். அன்றைக்கு எதுவும் முடிவாகவில்லை. முடிவாகாமல் வீட்டுக்கு அனுப்பியதுகூட நல்ல மருத்துவம் என்று இப்போது எனக்குப் படுகிறது. வீட்டில் பேசினார்கள், சண்டை போட்டார்கள், மறுபடி போனார்கள். காலாண்டுத் தேர்வு வரை விடுதி, அதன்பின் வீட்டிலிருந்து பள்ளி வேன். முதலில் பயிற்சி, அரையாண்டு விடுமுறைக்குள் போதிய பலன் இல்லாவிட்டால் மாத்திரையும் சேர்ப்பது. பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு மட்டும் சொல்வது. யாருக்கு, எவ்வளவு என்பதை அவனே சொல்ல வேண்டும். அவன் கணக்கு ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தான்.

மாத்திரை தேவைப்பட்டது. வயிறு கலங்கியபோது அவன் அதைத் தூக்கி எறிந்துவிட்டுச் சாப்பிட்டதாகச் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னான், மருத்துவருக்குப் போன் போட்டார்கள், அளவை மாற்றினார்கள். முடிவில் பங்கு கொடுத்ததற்குக் கிடைத்த முதல் பலன் அதுதான். முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பரீட்சை நெருங்கும்போது கை கழுவுவது கூடுகிறது. கூடுகிறது என்று அவனே வந்து சொல்கிறான்.

எங்கள் பேரனுக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இந்தியாவில் 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3% பேருக்கு ஏதேனும் மனநலக் கோளாறு இருப்பதாகக் கணித்தது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகள். அவர்களுக்கான சிகிச்சையில் மாத்திரை பக்கத்து ஊரில் கிடைத்துவிடும். வாரம் ஒருமுறை பயிற்சி தரத் தெரிந்த உளவியலாளர் கிடைக்கமாட்டார். பஸ் செலவு, ஒருநாள் கூலி, பள்ளிக்கு லீவு எல்லாம் சேர்ந்து பயிற்சியை எட்டாததாக்கிவிடும். இருப்பது ஒரே வழி என்றால் அதில் பகிர்ந்துகொள்ள எதுவும் இல்லை. பிள்ளைகளுக்குத் தேர்வு செய்யும் உரிமை வேண்டும் என்று பேசுகிறவர்கள், நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம் அளவிலான ஊர்களில் பிள்ளைகளுக்கான உளவியலாளர்கள் வேண்டும் என்றும் சேர்த்துப் பேச வேண்டும்.

கொல்லிமலைமேல் நிலைமை இன்னும் கடினம். காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பலர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். அங்கே ஒரு பிள்ளைக்கு உடம்புக்கு முடியாவிட்டால் கீழே கூட்டி வருவது சில வேளை வார்டன், சில வேளை தெரிந்த அண்ணன். அப்பாவும் அம்மாவும் மிளகுக் காட்டிலோ, வெளிமாவட்டத்தில் கூலிவேலையிலோ இருப்பார்கள். சட்டப்படி ஒப்புதல் தர வேண்டியவர் அறையிலேயே இல்லை. கூட வந்தவருக்குப் பிள்ளையின் கதை தெரியாது. தன் கதை தெரிந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். அங்கேதான் பிள்ளையிடம் கேட்பது மற்ற எல்லா இடத்தையும்விட அவசரமானது. 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. 1098 சிறுவர்களுக்கான உதவி எண். இரண்டையும் பிள்ளைகளே அழைக்கலாம். விடுதிச் சுவரில் சாப்பாட்டுப் பட்டியலுக்குப் பக்கத்தில் இந்த இரண்டு எண்களையும் பெரிதாக எழுதிவைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பிள்ளை மறுத்தால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் பெரியவர்கள் முடிவெடுத்தே ஆக வேண்டும். அதற்குத்தான் அந்த 87-ஆம் பிரிவும் வாரியமும். அப்போதுகூட, ஏன் அப்படிச் செய்கிறோம் என்று பிள்ளையிடம் சொல்லலாம். எந்த ஆஸ்பத்திரி, கூட யார் இருப்பது, பள்ளியில் என்ன சொல்வது, எதை எடுத்துப் போவது என்று அவன் தீர்மானிக்கக்கூடியவை நிறைய இருக்கும். ஒரு முடிவு கையைவிட்டுப் போனதால் மற்ற எல்லா முடிவுகளையும் பறிக்க வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். எட்டு வயதுக் குழந்தையால் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது; எது வலிக்கிறது, எதற்குப் பயமாக இருக்கிறது என்பதை அந்தக் குழந்தையைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது.

இந்த அக்கறைக்குப் பெரிய செலவில்லை. மருத்துவமனைச் சீட்டில் பிள்ளை தன் சொல்லில் சொன்னதை எழுத ஒரு வரி இடம் விடலாம். பெற்றவர்களும் மருத்துவரும் வேறு வேறு முடிவில் இருந்தால், அதைப் பிள்ளைக்குத் தெரியும்படியே பேசலாம். மறைத்துப் பேசினாலும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆசிரியர்கள் தங்களுக்குத் தெரிந்ததை யாரிடம் சொல்லலாம் என்று மாணவனைக் கேட்டுவிட்டுச் சொல்லலாம். பெற்றவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். டாக்டரைப் பார்க்கப் போகும் பஸ்ஸிலேயே பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள்: “அங்க நீ என்ன சொல்லப்போற கண்ணு? நான் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?” அது சொல்லும் பதிலை உள்ளே போனதும் மறக்காதீர்கள். சிகிச்சை அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்குகிறது.